ஜெசிந்தா பார்க்க மறுத்த பிளேட்

ஜெசிந்தா போய்விட்டாள். நேற்று சாயங்காலம், தூத்துக்குடியில்... மஞ்சள் காமாலை என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் லேபில் வேலை பார்த்த பழைய ஆட்கள் பலருக்கு இன்னும் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கை ஓட மாட்டேன் என்கிறது.

அவளும் நானும் ஆஸ்பத்திரி லேபில் ஒரே சமயத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவர்கள். நான் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். அவள் கடற்கரைத் தெருவிலிருந்து நடந்தே வந்துவிட்டு, நான் லேட் என்று வைவாள்.

வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களின் மலத்தை மீடியாவில் தேய்த்து, என்ன கிருமி வளர்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. மீடியா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை... கிருமிக்கு நாம் ஆக்கிப் போடுகிற சாப்பாடு. நோன்பு நேரத்துக் கடப்பாசி ஜெல்லி மாதிரி பிளேட்டில் உறைந்திருக்கும்.

சால்மோனெல்லாவைப் பிடிக்கிற சிவப்பு மீடியாவை அவள்தான் காய்ச்சுவாள். அதை ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் குக்கரில் வைக்கக் கூடாது, கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

எந்த மீடியாவாக இருந்தாலும் ஊற்றும்போது பேசக் கூடாது என்பது அவள் சட்டம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளா...

"ஏளா, வாய மூடு. நீ பேசுத பேச்செல்லாம் நாளைக்குப் பிளேட்ல மொளச்சு நிக்கும்."

எல்லாக் கிருமியும் வளர்கிற சாதா பிளேட்டில் இரண்டொரு தடவை நிஜமாகவே முளைத்தது. அன்றைக்கு முழுக்க என்னைக் கிண்டல் பண்ணியே தீர்த்தாள்.

ஒரு வருஷம் அவர்கள் கோயில் திருவிழா முடிந்து அசனம் போட்டார்கள். ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற நேர்ச்சைச் சாப்பாடு அது. அண்டா மாதிரிப் பெரிய கிடாரத்தில் சோறு வடிப்பது ஜெசிந்தாவின் அண்ணன் சேவியர். வேண்டுதல்... வருஷா வருஷம் அவர்தான்.

மறுநாள் பாதித் தெரு வாந்தியும் பேதியுமாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் சுருண்டு கிடந்தன. சமைத்தவர்கள் எல்லோரிடமும் சாம்பிள் எடுத்தார்கள்.

சேவியர் அண்ணனுக்கு ஒரு வயிற்றுவலி கூட இல்லை. ஆனால் அவர் பிளேட்டில், சிவப்பு மீடியாவில், நடுவே கருப்பு விழுந்த புள்ளிகள். பிளேட்டுகளைச் சூட்டில் வைக்கிற இன்குபேட்டரின் கதவை மூடக்கூடத் தோன்றாமல் ஜெசிந்தா நின்றாள். அடுத்தடுத்துப் போட்ட டெஸ்ட்டுகளும் சால்மோனெல்லா என்றுதான் சொல்லின.

ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடுகிறேன், நீ ஒதுங்கிக்கொள் என்றேன்.

"நான் பாத்த பிளேட்டுளா இது. நாந்தான் போடணும்" என்றாள். போட்டாள்.

அவரால் மற்றவர்களுக்கு வந்ததா, அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு அவருக்கும் வந்ததா... அதை அந்தப் பிளேட் சொல்லாது. இதைத் தெருவில் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? அவர் கையால் சாப்பிட்டுத்தான் இப்படி என்று ஒரு கூட்டம், கூடப்பிறந்தவளே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று இன்னொரு கூட்டம்.

அண்ணன் கிடாரத்தைத் தொடுவதை விட்டார். தங்கச்சியோடு பேசுவதையும் விட்டார்.

வருஷக்கணக்காக... ஒரே தெருவில் இருந்துகொண்டு.

இன்று காலை அடக்கத்துக்குப் போயிருந்தேன். கோயில் வாசலில் சேவியர் அண்ணன் என்னைத் தேடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தன் பிளேட்டைப் பார்த்த அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சமாவது வருத்தம் இருந்ததா என்று கேட்டார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். வெளியே சொல்லிக்கொண்டு திரியாதே என்று ஜெசிந்தா எனக்குப் போட்டிருந்த உத்தரவை மீறி, நடந்ததைச் சொன்னேன்.

மருந்து சாப்பிட்டு முடித்து அவர் சாம்பிள் மறுபடி வந்தபோது, புது மீடியா காய்ச்சி ஊற்றியவள் அவள்தான். மறுநாள் இன்குபேட்டரைத் திறக்க மட்டும் அவளுக்குத் தைரியம் இல்லை. நான் பார்க்க மாட்டேன், நீ பார் என்று சொல்லிவிட்டு, ஜெபமாலையோடு வராந்தாவில் போய் நின்றுகொண்டாள்.

கருப்பு ஒன்றுகூட இல்லை என்று நான் வந்து சொன்னதும் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டோடு நேரே அண்ணன் வீட்டுக்குத்தான் போனாள்.

சேவியர் அண்ணன் கோயில் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு வந்தா, தங்கச்சி... நாந்தான் கதவத் தொறக்கல."

நிம்மதியா தூங்குளா, ஜெசி.