தெள்ளு மிடா

சுண்ணாம்புக்காகச் சுட்ட சிப்பியில் தண்ணீர் விழும்போது முதலில் ஒரு சீறல் வரும். பிறகு உறுமல், பிறகு வெடிப்பு. எந்தத் தெருவில் அந்தச் சத்தம் கேட்டாலும் என் நெற்றித் தழும்பு சுடும். நிற்காமல் நடந்துவிடுவேன்.

பினாங்கில் வேலைக்குப் போயிருந்த அண்ணன் லீவில் வரும்போது ஒரு சோடி சண்டைமீன் கொண்டுவந்தான். தொட்டியில் சேர்த்து விட்டதும் ஆண், பெண்ணைத் துரத்தித் துரத்தி அதன் வாலைக் கிழித்தது. கிழித்த அதே வாயால், உதிர்ந்த முட்டைகளைப் பொறுக்கி, நீர்மேல் தான் ஊதிய நுரைக்கூட்டில் வைத்தது. குஞ்சு பொரிந்த அன்று அண்ணன் அம்மையிடம் சொன்னான்: "இதுவ பிழைச்சா நான் திரும்பிப் போவல்ல. இங்கயே மீன் வளர்த்துக் கஞ்சி குடிச்சுக்கிடுவேன்."

அப்பா இல்லாத வீடு. அம்மை அன்று முதல் மீன்களுக்கும் சேர்த்து ஜெபித்தாள்.

குஞ்சுகளுக்கு உயிருள்ள தீனி வேண்டும். எருமை புரளும் குட்டையில் தண்ணீர்த் தெள்ளு என்ற பூச்சிகளை அள்ளி வந்தோம். கடுகிலும் சிறியவை, செந்தூசி துள்ளுவதுபோல் இருக்கும். வெயிலில் ஒரு மிடாவை, வாயகன்ற பெரிய மண்பானையை, வைத்து, சாணம் கரைத்து, தண்ணீர் பச்சை பிடித்ததும் உள்ளே விட்டோம். பெருகின. நாறின. துணியில் வடித்துத் தொட்டியில் போட்டால் குஞ்சுகள் வேட்டைநாய்களாகப் பாயும். ஒரே தெள்ளு இரண்டு வாய்களுக்கிடையில் கிழியும். அண்ணன் குந்தியிருந்து சிரிப்பான். "பாரு மக்கா, என்ன வெறி."

கிறிஸ்துமஸுக்கு வீட்டை வெள்ளையடிக்க நான் சுண்ணாம்பு நீற்றினேன். மறுநாள் மிடாவில் தண்ணீர் பளிங்குபோல் தெளிந்து கிடந்தது. அடியில் வெள்ளைக் களி. ஒரு தெள்ளு இல்லை.

குட்டைக்கு ஓடினோம். மழைவெள்ளம் கரையை உடைத்துக் குட்டையையே அடித்துக்கொண்டு போயிருந்தது. பசித்த குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. பெரியது சிறியதை வாலிலிருந்து விழுங்கியது. வெளியே நின்ற தலை இன்னும் வாயசைத்தது.

அண்ணன் என் கழுத்தைப் பிடித்தான். "சுண்ணாம்பு கலக்குனவன் நீதானலே? எதுக்குக் கொன்ன?"

"நான் அந்தப் பக்கமே போவல்ல."

என் தலையைச் சுவரோடு மோதினான். நெற்றி பிளந்தது. நான் வெள்ளையடிக்கும் மட்டையால் அவன் முகத்தில் அறைந்தேன். ஈரம் காயாத வெள்ளையில் இரண்டுபேர் ரத்தமும் ஒழுகியது.

"அவன விடு," என்றாள் அம்மை. "நாந்தான் போட்டேன். தண்ணி நாறிக் கெடந்துது. கெணத்துல தண்ணி தெளியப் போடுக மாதிரி ஒரு கை சுண்ணாம்பு அள்ளிப் போட்டேன். நல்ல தண்ணில வளந்தா மீனு பிழைக்கும், நீயும் நிப்பன்னு நெனச்சேன்."

அண்ணனின் கை அவள்மேல் ஓங்கியது. அப்படியே நின்றது. திரும்பி மிடாவைத் தூக்கி அம்மிமேல் எறிந்தான். ஆண்மீனைப் பிரித்து வைத்திருந்த பாட்டிலையும் எறிந்தான். ஓட்டுச்சில்லுகளுக்கு நடுவே அந்த மீன் துடுப்பு விசிறியை விரித்து, யாரோடோ சண்டைக்கு நிற்பதுபோல் துடித்து அடங்கியது.

அவன் புறப்பட்ட காலையில் அம்மை ரத்தக்கறைமேல் மறுபடி வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். கறை மஞ்சளாக மேலே வந்துகொண்டே இருந்தது. அவள் திரும்பவில்லை. தொட்டியில் ஒரேயொரு குஞ்சு மிச்சம், உடன்பிறந்ததையெல்லாம் தின்று வயிறு புடைத்து.

இரணியலில் பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டேன். வீங்கிய உதட்டோடு அண்ணன் படியில் நின்றான்.

"புது மிடா ஒண்ணு வாங்கு. மிச்சம் ஒண்ணு கெடக்குல்லா, அதுக்குத் தீனி வேணும்."

"சரி."

"அம்மைய ஒண்ணும் சொல்லாத, என்ன."