அரை அங்குல மூச்சு

நேற்றுக் காலை பேரனின் மனைவி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவர்களுடைய மகளுக்கு, அதாவது என் கொள்ளுப்பேத்திக்கு, ஒன்பது வயது. இந்த மழைக்காலத்தில் மூன்று தடவை மூச்சிளைப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பிலிருந்து அவளை வருடம் முழுக்க விட்டுவிடச் சொல்லிக் கடிதம் வேண்டுமாம்.

"உங்க கையெய்த்துதான் தாத்தா ஸோக்கா கீது. நீங்களே எய்திக் குட்துடுங்க" என்றாள்.

எழுதினால் அது பத்தாவது கடிதம். முதல் ஒன்பதையும் என் மகனுக்காக, இந்தக் குழந்தையின் தாத்தாவுக்காக, எழுதினேன். அதனால்தான் நேற்று முழுவதும் தாள் வெள்ளையாகவே கிடந்தது.

நேற்று மாலை ஐந்திலிருந்து ஆறு வரை சன்னலோரம் உட்கார்ந்து தெருவை எண்ணினேன். விளையாடிய பிள்ளைகள் நான்கு பேர். நின்றிருந்த வண்டிகள் முப்பத்தொன்று. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் வலுவில்லை, வெயிலில் நிற்பதில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். என் வயதில் அது சுலபமாக வரும். ஆனால் என்னிடம் இருக்கும் கணக்கு வேறு மாதிரி. அதைச் சொல்வதற்கே அலுப்பாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் பையனாக இருந்தபோது ராயபுரத்தில் எங்கள் சந்து முடிகிற இடத்திலிருந்து அலை நனைக்கும் இடம் வரை என் காலடிக் கணக்கில் நூற்று எண்பது அடி மணல் இருந்தது. சாயங்காலம் அதில் சடுகுடு நடக்கும். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் ஆட்டம் போய்விடும். மூச்சு விட்டானா இல்லையா என்று சண்டை வராத நாள் கிடையாது. அதனால் ஓரமாக உட்கார்ந்து எண்ண ஒரு ஆள் வைத்தார்கள். அந்த ஆள் நான். எங்கள் காலத்தில் எப்படியெல்லாம் விளையாடினோம் என்று பின்னாளில் நான் பலரிடம் பேசியிருக்கிறேன். உள்ளே இறங்கி ஆடியது ஆறு தடவையோ ஏழு தடவையோதான். ஏழாவது சரியாக நினைவில்லை.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் படித்ததால் அதே துறைமுகத்தில் மூட்டை எண்ணப் போனேன். டாலி கிளார்க் என்று பெயர். கப்பலுக்குப் போட்ட பலகை வழியாக ஆட்கள் ஏறும்போது மூட்டைக்கு ஒரு கோடு. நான்கு கோட்டுக்கு மேல் குறுக்காக ஐந்தாவது. அந்த வேலையில் பின்னமே கிடையாது. கிழிந்து பாதி கொட்டிப்போன மூட்டையாக இருந்தாலும் பலகையைத் தாண்டிவிட்டால் ஒன்று. கொட்டிய பாதி வேறொருவர் நோட்டில் வேறொரு கணக்கு. முதல் வாரத்தில் நான் ஒரு மூட்டையை அரை என்று எழுதியதற்கு ஷெட்டே சிரித்தது. அதன் பிறகு எழுதவில்லை.

மகனுக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசி. இருபத்தொரு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. இரவும் பகலும் அவன் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு, நாற்பது, ஒரு நாள் நாற்பத்திநான்கு. பிழைத்தான். பிழைத்தவனை வெயிலில் விட எனக்கு மனம் வரவில்லை. ஓட்டம், விளையாட்டு, டிரில் எதற்கும் அழைக்க வேண்டாம் என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதினேன். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. அடுத்த வருடம் புது வாத்தியார் கேட்டார், மறுபடி எழுதினேன். அப்படியே ஒன்பது வருடம், ஒன்பது கடிதம். மற்றவர்கள் வெளியே ஓடிய நேரத்தில் அவன் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டான். கணக்கில் நன்றாக வந்தான். எனக்கு அது பெருமையாக இருந்தது.

அவனுக்குப் பதினாறு முடிந்தபோது ஒரு பட்டறையில் அப்ரண்டிசுக்கு ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். அடுத்தது உடம்புத் தேர்வு. மூச்சை உள்ளே இழுத்தால் மார்பு இரண்டு அங்குலம் விரிய வேண்டும். பதினேழு தாண்டினால் எடுக்கமாட்டார்கள். அதற்குள் இரண்டு தடவைதான் தேர்வு வரும். இரண்டும் போனால், என் அப்பா தூக்கிய மூட்டையை இருபத்தெட்டு அங்குல மார்போடு இவன் தூக்க வேண்டியதுதான். வேறு வழி எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

தெருக்கோடித் தையற்காரரிடம் டேப் வாங்கிவந்து அளந்தேன். ஒரு அங்குலம்தான் விரிந்தது.

மூன்று மாதம் இருந்தது. விடிந்ததும் அவனைக் கூடத்தில் நிற்கவைத்து மூச்சை இழுக்கச் சொல்லி எண்ணுவேன். தண்டால் பதினைந்து, பஸ்கி முப்பது. எல்லாம் கதவுக்கு உள்ளேதான். வெளியே தூசி, பனி. ஞாயிற்றுக்கிழமை தோறும் டேப். அதற்கென்று ஒரு நோட்டு. முதல் ஐந்து வாரமும் ஒன்று. ஆறாவது வாரம் டேப் ஒன்றைத் தாண்டி ஒன்றரைக்கு வந்தது. நான் இரண்டு என்று எழுதினேன். பலகையைத் தாண்டிவிட்டது என்றுதான் கைக்குத் தோன்றியது. பழக்கம் என்று பிறகு சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் பழக்கம். அதற்குப் பின் ஆறு வாரமும் இரண்டு, இரண்டு என்றே நோட்டு போயிற்று.

என் அப்பாவுக்கு அப்போது எழுபது இருக்கும். மூலையில் குந்தியபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னாடா பண்ணிகினு கீற? புள்ளைய நிக்க வெச்சு துணி அளக்கற மாதிரி அளந்துகினு கீற."

"நெஞ்சு விரியணும்பா."

"அத்த வூட்டுக்குள்ள வெச்சு இன்னாத்த விரிப்ப? உன்ன வேலைக்கு எட்த்தப்போ நெஞ்ச அளந்தானா?"

"இல்ல. கையெழுத்தப் பாத்தாங்க."

"அதான். அளந்திருந்தா நீயும் என்னோட மூட்டதான் தூக்கிகினு இருந்திருப்ப. தூக்க முடியாம நட்டாத்துல போட்டிருப்ப."

என் மனைவி அடுப்பிலிருந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேர்வு நாளில் டாக்டர் டேப்பைச் சுற்றினார். இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். மறுபடி ஒரு தடவை. "ஒன்றரை" என்றார். பக்கத்திலிருந்தவர் எழுதிக்கொண்டார். அறை வாசலில் நின்ற நான் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஏழு வாரமாக இரண்டு என்று காட்டினேன். டாக்டர் நோட்டைப் பார்க்கவில்லை. டேப்பை மறுபடி சுற்றி எண்ணை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். ஒன்றரைதான். டேப்பில் பின்னமும் அச்சிட்டிருந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம்.

"நைனா, நீ அரைய முய்சா எய்திகினு வந்த" என்றான் மகன்.

"தெரியுமா உனக்கு?"

"ஒவ்வொரு தபாவும் குனிஞ்சு பாத்துகினுதானே இருந்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல வர்ல."

வீட்டில் என் மனைவி யாரையும் திட்டவில்லை. சோற்றை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஒம்போது வர்சமா லெட்டரு எய்தி எய்தி உள்ளாரயே குந்த வெச்ச. இப்ப மூச்சு எங்கேர்ந்துய்யா வரும்?"

அடுத்த தேர்வுக்கு நான்கரை மாதம் இருந்தது. மறுநாள் விடிந்ததும் அவனைக் கூடத்தில் காணவில்லை. சாயங்காலம் முட்டி தோலுரிந்து வந்தான். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, "மணல்ல" என்றான்.

மணல் என்று அவன் சொன்ன இடம் பழைய மணலில் எஞ்சியதுதான். துறைமுகச் சுவர் கட்டியதிலிருந்து அதற்கு வடக்கே கடல் வருடந்தோறும் கரையைத் தின்றுகொண்டிருந்தது. நான் நூற்று எண்பது எண்ணிய இடத்தில் அப்போது ஐம்பத்திரண்டு அடிதான். எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட துறைமுகம்தான் அதைத் தின்றது. யாரிடம் போய்க் கேட்பது? அலையைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டியிருந்தார்கள். இரண்டு கல் குவியலுக்கு நடுவில் ஒரு துண்டு மணல். அதில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளும் மீன் கூடை தூக்குகிறவர்களின் பிள்ளைகளும் சடுகுடு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு சாயங்காலம் வேலை முடிந்து நேரே அங்கே போய்க் கல்லுக்குப் பின்னால் நின்றேன்.

மகன் பாடிக்கொண்டு போனான். நான்கு எட்டு வைப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. பல் விழுந்த ஒரு தடியன் அவன் காலை வாரிவிட்டுச் சிரித்தான்.

"டேய் கிளார்க்கு, சடுகுடுன்னு சொல்லச் சொன்னா கொட்டாவி வுடுற?"

"ஓரமா குந்து மாமு, பென்சிலு தரேன். எண்ணிகினு இரு" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சு அவனுக்கு மட்டுமல்ல, எனக்கும் விழுந்தது. என் மகன் வாயிலிருந்த மணலைத் துப்பினான். "பென்சிலு எங்க நைனாகிட்ட கீது. நீ அடுத்த பாட்டுக்கு வா" என்றான். அவன் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. உதட்டில் ரத்தம் இருந்தது. போய்க் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்துவிடலாம் என்று இரண்டு அடி வைத்தேன். அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான்.

"நைனா, வூட்டுக்குப் போ."

"ரத்தம் வருதுடா."

"வரட்டும். நீ போ. எண்ணாத."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போல இருந்தது. திரும்பி நடந்தேன். எண்ணாமல் நடக்க முயன்றேன். சந்து வரை ஐம்பத்திரண்டு என்று முன்பே தெரிந்திருந்ததால் அது முடியவில்லை.

நான்கரை மாதமும் போகவில்லை. டேப்பைத் தையற்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவன் இருட்டும்போது வருவான். என் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான். முன்பு இரண்டு பிடியில் எழுந்துவிடுகிறவன் மறுசோறு கேட்டான். இரவில் பக்கத்தில் படுத்திருக்கும்போது அவன் மூச்சு என் காதில் விழும். எண்ணத் தொடங்கிவிட்டு நிறுத்துவேன். மறுபடி தொடங்குவேன். அந்த மாதங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை.

இரண்டாவது தேர்வுக்கு அவன் என்னை உள்ளே வர விடவில்லை. பட்டறை வாசலில் நின்றேன். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். அவனுக்கு முன்னால் பதினொரு பேர் வெளியே வந்தார்கள். மூன்று பேர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான்.

"எட்துக்கினாங்க நைனா."

"எவ்வளவு?"

அவன் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டான்.

"போதும்னாங்க."

"இரண்டா, இரண்டே காலா?"

"போதும்னுதான் சொன்னாங்க. வா, பசிக்குது."

முப்பத்தெட்டு வருடம் அந்தப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டான். அந்த எண்ணை இன்னும் சொல்லவில்லை. முதலில் வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்பேன். இப்போது கேட்பதில்லை. என் நோட்டில் அந்த ஞாயிறுகளுக்கு நேராக ஏழு இரண்டு இருக்கிறது, ஏழும் பொய். உண்மையான இரண்டு எழுதப்படவே இல்லை.

இன்று காலை தாளை எடுத்தேன். இளைப்பு இளைப்புத்தான், நான் மூன்று இரவும் அந்தக் குழந்தையின் மூச்சைக் கேட்டவன். அவளை நாளைக்கே ஓடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எழுதினேன். முந்தைய ஒன்பதிலும் விட்டுப்போன ஒன்றை இதில் சேர்த்தேன்: ஏழு நாட்களுக்கு மட்டும். தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்டேன்.

மாலையில் பேரனின் மனைவி வாசித்துப் பார்த்தாள்.

"இன்னா தாத்தா, ஒரு வாரம்தான் போட்டுக்கீங்க? வர்சம் முய்க்க வேணும்னேனே."

"ஒரு வாரம் போகட்டும்மா. அப்புறம் டாக்டரைக் கேட்டு வா."

"அப்ப மறுபடி எய்திக் குடுப்பீங்களா?"

நான் பேனாவை மூடி வைத்தேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். சன்னலுக்குக் கீழே அந்த நான்கு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். என் கொள்ளுப்பேத்தி படியில் உட்கார்ந்து, அவர்கள் போட்ட பந்து எத்தனை தடவை சுவரில் பட்டது என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள்.