மிலிட்டரிக்காரர் மேடையேறிய நாள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் கேட்டில் காவலுக்கு நின்ற ராஜவேலுவை எல்லோரும் மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். முறுக்கு மீசை, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, நிமிர்ந்த நடை. எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் பஞ்சாப் எல்லையில் இருந்தவர்தான், பொய்யில்லை. ஆனால் அங்கே அவர் பிடித்தது கரண்டி. பட்டாளத்துச் சமையல்காரர்.

பெண் பார்க்கப் போன இடத்தில் அவருடைய பெரியப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பையன் மூன்று டாங்கியைக் கவிழ்த்தவன் என்று அளந்துவிட்டார். ராஜவேலு மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் காபித் தட்டோடு வந்து நின்ற பூரணியைப் பார்த்ததும் மனுஷருக்குப் பேச்சே எழவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது? குட்டு வெளிப்பட்டுவிடக் கூடாதென்று பத்து வருஷமாகச் சமையற்கட்டுப் பக்கமே தலைவைக்கவில்லை. பூரணி ஜுரத்தில் கிடந்தபோதுகூட ஓட்டல் இட்லிதான் வாங்கி வந்தார், பாவி மனுஷர்.

எண்பத்திரண்டில் வந்தது வினை. குடியரசு தினத்தன்று கொடியேற்றியதும் மிலிட்டரி சண்டையைப் பற்றிப் பேசட்டும் என்றார் முதலாளி அமீர் பாஷா. தொழிலாளிகளின் குடும்பங்களும் வரும். பூரணியும் வருவாள். டாங்கிக் கதையை அவிழ்த்துவிட்டால் கைதட்டல் நிச்சயம். ஆனால் நிஜமாகவே டாங்கியோடு மோதிச் செத்தவர்களை அவருக்குத் தெரியும். அவர்கள் பெருமையைத் திருட மனசு இடம் தரவில்லை. உண்மையைச் சொன்னாலோ பூரணி முகத்தில் எப்படி விழிப்பது? அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கொடியேற்றி முடிந்ததும் மைக் முன்னால் போய் நின்றார்.

“நான் சண்ட போடல. சமையல்காரன். ஒருநாள் அறுவது பேருக்கு சப்பாத்தி போட்டு வச்சேன். நாப்பத்தொம்போது பேருதான் சாப்புட வந்தாங்க. மிச்சத்த இன்னா பண்றதுன்னு தெர்ல.”

அதோடு இறங்கிவிட்டார். யாரும் கைதட்டவில்லை. அமீர் பாஷா எழுந்து நின்றார், அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பூரணி பேசினாள்.

“கொழம்பு கொதிக்கறப்பவே, உப்பு கம்மின்னு மோப்பத்துலயே சொல்ற ஆம்பள டாங்கியா ஒடச்சிருப்பாரு? கல்யாணமாயி வந்த மாசமே எனக்குத் தெரியும். அந்தப் பதினோரு பேர எதுக்கு எங்கிட்ட மறைச்சீங்க?”

ராஜவேலு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பூரணி பக்கத்தில் உட்கார்ந்து, பேர் பேராகச் சொல்லச் சொன்னாள். ஏழாவது பேரில் அவர் உடைந்து அழுதார். மிச்சம் நாலு பேரையும் அழுதுகொண்டேதான் சொன்னார்.