சூசை வீட்டுத் தக்காளி

காலையில் மாடியில் தக்காளிச் செடிகளுக்குக் கொம்பு நட்டுக் கட்டிவிட்டு இறங்கினேன். கையெல்லாம் அந்தப் பச்சை வாசம். சோப்புப் போட்டும் போகவில்லை, நானும் ரொம்ப மெனக்கெடவில்லை. திண்டிவனத்தில் எங்கள் மாடியில் மூன்று வகை இருக்கிறது. செர்ரித் தக்காளி பார்க்க அழகு. வாயில் போட்டு மெல்லத்தான் லாயக்கு. ஹைப்ரிட் பத்து நாள் பிரிட்ஜில் கிடந்தாலும் வாடாது. ருசி மட்டும் கேட்கக் கூடாது. மூன்றாவது நாட்டுத் தக்காளி. மடிப்பு மடிப்பாக, தலையில் வெடிப்போடு, ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா, சீக்கு வந்த காயா என்று கேட்டுவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! உட்காரவைத்துக் கதையைச் சொல்லித்தான் அனுப்பினேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பெருமுக்கல் பக்கம். அப்பா பெயர் சூசை. ஆனால் ஊரில் அவர் வெறும் சூசை இல்லை, 'பெரிய வூட்டு சூசை'. பெரிய வீடு என்றதும் எங்களுடையது என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா கூலிக்குப் போன கழனிக்காரர் வீடு அது. பொங்கல் பூசைக்கு அவரவர் நிலத்தில் விளைந்ததை ஊர் மாதா கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். உபதேசியார் பெயரையும் பொருளையும் மைக்கில் வாசிப்பார். எங்களுக்கு ஏது நிலம்? மெழுகுவர்த்திதான் கொண்டுபோவோம்.

நான் திண்டிவனத்தில் ஒரு விதைக் கடையில் பில் போடச் சேர்ந்த வருஷம் எங்களுக்கு இரண்டு சென்ட் பட்டா கிடைத்தது. வீடு போக, நாலு பாய் விரிக்கிற அளவுக்குத் தோட்டம். "இந்த வருசம் நம்ம மண்ணுல வெளஞ்சத எடுத்துக்கினு போவணும் பாப்பா" என்றார் அப்பா. அவர் வாய்விட்டு ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான். கடையிலேயே உசத்தியான ஹைப்ரிட் விதையை வாங்கிக்கொண்டு போனேன். விதைக் கடையில் வேலை பார்க்கிற மிதப்பு வேறு.

காய்த்ததே பாருங்கள், அத்தனையும் ஒரே அச்சு. கூடை நிறைய எடுத்துப்போனோம். "பெரிய வூட்டு சூசை, தக்காளி ஒரு கூடை" என்று உபதேசியார் வாசித்தார். பெரிய வீட்டுக் கழனியில் இந்த வருஷம் நல்ல விளைச்சல் போல என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். தப்புச் சொல்ல முடியாது. அங்கேயும் எங்கள் கடையில் வாங்கிய அதே விதைதான். இரண்டு கூடையையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது. அப்பா அன்றைக்குப் பொங்கலில் கை வைக்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த வருஷம் நான் இன்னும் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். அந்தப் பழங்களிலிருந்தே விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்துப் போட்டேன். ஒரு செடியில் நெல்லிக்காய் அளவு, இன்னொன்றில் உள்ளே வெறும் காற்று, பாதிச் செடி காய்க்கவே இல்லை. ஹைப்ரிட்டில் எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பில் போடுகிறவளுக்குத்தான் தெரியவில்லை.

பழையபடி மெழுகுவர்த்தி வாங்கி வரச் சொன்னார் அப்பா. அம்மாதான் விடவில்லை. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் தானாக முளைத்து, ஒருத்தரும் கவனிக்காமல் காய்த்துக் கிடந்த நாட்டுத் தக்காளியைப் பறித்துக் கூடையில் போட்டாள். வெடித்த காயைச் சாமிக்கு வைப்பதா என்று அப்பா கத்தினார்.

"பெரிய வூட்டுக் கழனியில இப்டி ஒண்ணு வெளையுமாய்யா? சொல்லு" என்றாள் அம்மா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கோயிலில் உபதேசியார் "பெரிய..." என்று ஆரம்பித்தவர், கூடையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். இது எங்கே விளைந்தது என்று கேட்டார். மைக் பக்கத்திலேயே இருக்கிறது என்பது அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. "எங்க வூட்லதாங்க. பாத்திரம் கழுவுற எடத்துல" என்றார். கோயிலே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். உபதேசியார் நிதானமாகத் திருத்தி வாசித்தார்: "சூசை வீட்டுத் தக்காளி." அப்பா திரும்பி எங்களைப் பார்த்தார் பாருங்கள், அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த வருஷம் தெருவில் பாதிப் பேர் எங்களிடம் விதை வாங்கிப்போனார்கள்.

எதிர்வீட்டு அக்காவும் நாலு பழத்தில் ரசம் வைத்துவிட்டுச் சாயந்திரமே விதைக்கு வந்துவிட்டார். கொடுத்தேன், கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுத்தான்.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தண்ணீர் ஓடிய இடத்தில் சிமென்ட் போட்டாயிற்று. பெரிய வீட்டை இடித்து, கழனியையும் பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். போன மாதம் ஊருக்குப் போனபோது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்ச் சின்னப் பெண்ணிடம், பேச்சுவாக்கில், பெரிய வீடு இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"அப்டி ஒரு வூடு எனக்குத் தெரியலியே அக்கா. நீங்க சூசை வூட்டாண்டதான எறங்கணும்?"