மஞ்சள் நாடா கட்டிய புல்

ஆக்லாந்தின் மேற்குக் கடற்கரை, ஜூலை மாதக் காலை. கறுப்பு மணல், காதைக் கிள்ளும் குளிர். அப்பாவின் திதிக்காக மதுரையிலிருந்து கொண்டுவந்த தர்ப்பையை, செத்த பாம்பைத் தூக்குவதுபோல் தூக்கி, விமான நிலையத்திலேயே குப்பையில் போட்டுவிட்டார்கள். புல்லுக்குள் கிருமி இருக்குமாம். இந்த நாட்டுப் புல் மட்டும் ஆசாரமானது போலும்.

ஆகவே மணல்மேட்டில் வளர்ந்த புல்லைக் கிள்ளி, பவித்திரமாக முடிந்து விரலில் போட்டுக்கொள்கிறேன். எள்ளை எடுக்கும்போது ரப்பர் பூட்ஸ் அணிந்த ஒரு பெண் ஓடிவருகிறாள்.

"ஐயோ, அது என்ர ஆராய்ச்சிப் புல்லு! மஞ்சள் நாடா கட்டியிருந்ததைக் காணேல்லையே, அண்ணை?"

யாழ்ப்பாணத் தமிழ். நாடாவைப் பார்த்தேன், யாரோ வேண்டிக்கொண்டு கட்டியது என்று நினைத்தேன்.

பல்கலைக்கழக மாணவியாம். குளிர்ந்த மணலில் இந்தப் புல் பிழைக்க, அதற்குள்ளேயே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் உதவுகின்றனவா என்று பார்க்கிறாளாம். அந்தப் புல் கொத்தில் மிஞ்சியிருந்த நல்ல இலைகள் என் விரலில் இருக்கின்றன.

"இதுவும் போனா அடுத்த குளிர்காலம் மட்டும் காத்திருக்கோணும்."

"தர்ப்பணம் முடியாம கழட்டக்கூடாதும்மா. எள்ளு, தண்ணி, மந்திரம் எல்லாம் பட்டுடுமே?"

"செய்யுங்கோ. வெளிப்பக்கத்தை எப்படியும் பிளீச்சில கழுவத்தான் போறன். உள்ளுக்க இருக்கிறதுகள் இந்த உப்புக்காத்துக்கே அசையேல்லை. உங்கட மந்திரத்துக்கோ சாகப்போகுதுகள்?"

முடித்ததும், முறைப்படி முடிச்சை அவிழ்த்து, அவள் நீட்டிய பிளாஸ்டிக் பையில் இலைகளை இடுகிறேன். புல்லுக்குள் குடியிருப்பவர்களில் எத்தனை பேர் அப்பாவின் பங்கை இன்று பகிர்ந்துகொண்டார்களோ தெரியவில்லை. அவர்களை வளர்த்து எண்ணிப் பார்த்து எனக்குக் கடிதம் எழுதுகிறாளாம்.