ஆளுக்கு ஒரு கிட்டார்

அண்ணனின் தலைத் தேங்காயெண்ணெய் ஊறி, காதில் வைத்ததும் சிக்கு வாடை அடிக்கும் ஒரு ஹெட்போன் பஞ்சு. என் ஹெவி மெட்டல் ஞானம் முழுவதும் அந்தப் பஞ்சின் வழியாகத்தான் வந்தது. சின்னமாமா துபாயிலிருந்து கொண்டுவந்த 'வோக்மன்' ஒன்று, அதற்கு ஹெட்போன் ஒன்று, பிள்ளைகள் நாங்கள் இருவர். இழுபறியில் ஹெட்போனின் தலைப்பட்டை இரண்டாக முறிந்தபோது சண்டையும் தீர்ந்தது: இடது பக்கம் அண்ணனுக்கு, வலது பக்கம் எனக்கு. கட்டுக்கலையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, கண்டி டவுனில் பாட்டுப் பதிவுசெய்து கொடுக்கும் 'ரெக்கோடிங் பார்' கடையொன்றில் வாங்கிய ஒரு வெளிநாட்டு பேண்டின் கெசட்டைத் தேயத் தேயக் கேட்டோம். மாநகர சபையில் கிளார்க்காக இருந்த அப்பா எங்கள் தலையாட்டலைப் பார்த்துவிட்டு, "சாமி வந்தாக்கூட மலையேறிரும், இவனுங்களுக்கு வந்தது என்னான்னே தெரியலயே" என்பார்.

அந்த பேண்டில் கிட்டார்க்காரர்கள் இருவர். ஒருவருடைய வாசிப்பு இடது பக்கத்திலும் மற்றவருடையது வலது பக்கத்திலுமாகப் பதிவாகியிருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அண்ணன் திடீரென்று கண்ணை மூடிக்கொண்டு காற்றில் விரலை ஓட்டுவான். என் காதில் டிரம்ஸ் மட்டும் தொம் தொம்மென்று போய்க்கொண்டிருக்கும். "ஏண்ணே சும்மா ஆடுற?" என்பேன். அடுத்த நிமிடம் என் பக்கம் கிட்டார் அலறும்போது, அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். ஒருவரையொருவர் புளுகன் என்று ஏசிக்கொண்டே அந்த மழைக்காலம் முழுதும் போனது. பிறகு ஒருநாள் கம்பளையில் அண்ணனின் கூட்டாளி வீட்டுப் பெரிய ஸ்பீக்கரில் அதே கெசட்டைப் போட்டபோது, இரண்டு கிட்டாரும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது கேட்டது. திரும்பி வரும் ரயிலில் அண்ணன், "ஆளுக்குப் பாதிப் பாட்டத்தான்டா கேட்டிருக்கோம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகும் நாங்கள் பக்கம் மாறவில்லை. அவன் ஆள் அவனுக்கு, என் ஆள் எனக்கு.

அந்த பேண்ட் இந்த வருடம் புது அல்பம் போட்டிருக்கிறது. எல்லோரும் கிழவர்களாகிவிட்டார்கள்; உச்சத்துக்குப் போகும்போது பாடகரின் குரல் உடைகிறது. அண்ணனுக்குத் தலையில் கட்டி. அது இடது காதைத் தின்று தீர்த்துவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, இந்த வருடம் தாண்டுவது கஷ்டம் என்று பேராதனை ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் விதி என்கிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

போனில் அல்பத்தைப் போட்டு, இயர்போனின் வலது பக்கத்தை அவன் வலது காதில் வைத்தேன். இடது பக்கத்தை முதல் தடவையாக நான் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கேட்டவன், "இது ஒன் ஆளுல்ல? என் ஆளு வாசிக்கிறானா?" என்றான். வாசித்துக்கொண்டுதான் இருந்தார், விரல்கள்தான் முன்புபோல் ஓடவில்லை. "பின்னுறாருண்ணே" என்றேன். தலையாட்டப் பார்த்தான். வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டான்.

ரெக்கோடிங் பார் இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். கெசட் போயிற்று, வோக்மன் போயிற்று, அப்பாவும் போய்விட்டார். அதையெல்லாம் எப்படியோ தாங்கிக்கொண்டேன்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் அண்ணன் கேட்டான்: "அடுத்தது எப்படா போடுவாங்க?"

இவர்களுடைய போன அல்பம் வந்தபோது என் மகள் பிறந்திருக்கவில்லை. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள்.

"சீக்கிரமே போட்டுருவாங்கண்ணே" என்றேன்.