உப்பு முடியும் ஊர்

எண்பதுகளின் கடைசியில் வெம்பிளியில் எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே ஒரு ஜப்பானியப் பெண்மணி குடிவந்தார். கணவரை ஏதோ கம்பனி லண்டனுக்கு அனுப்பியிருந்தது. அவருக்கு அம்மாவின் வயது இருக்கும். அம்மாவோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதல் ஜன்னலோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனால்தானோ என்னவோ நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். நான் வேலைக்குப் போனால் பகலெல்லாம் சேர்ந்திருந்து வெங்காயம் உரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கேட்கச் சொன்னார். "அவையின்ரை ஊரிலை கடல் எந்தப் பக்கமாம்?"

யாழ்ப்பாணத்தார் வேறென்ன கேட்பார்கள்! அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு, மேசையில் ஒரு தட்டை வைத்து, சுற்றிவர எட்டுக் கோப்பைகளை அடுக்கினார். எங்களிடம் அத்தனை கோப்பை இல்லாததால் இரண்டு டம்ளரும் சேர்ந்துகொண்டன. தட்டு அவருடைய நகானோ. கோப்பைகள் அயல் மாகாணங்கள். கடல் அவற்றுக்கும் அப்பால்.

உள்ளே முழுக்க மலை. முன்பெல்லாம் வடகடலிலிருந்தும் தென்கடலிலிருந்தும் மாடுகளில் உப்பு ஏற்றிக் கணவாய் தாண்டி வருவார்களாம். பனியில் மாடு நடக்க முடியாதபோது ஆட்களே முதுகில் சுமந்தார்களாம். உப்பில்லாவிட்டால் காய்கறியை ஊறப்போட முடியாது, குளிர்காலம் பட்டினிதான். அந்தப் பாதைகள் வந்து முடியும் இடம் அவருடைய ஊர். பெயர் ஷியோஜிரி, உப்பின் கடைசி என்று அர்த்தமாம். ஒருமுறை எதிரிகள் மலைநாட்டுக்கு உப்புப் போகாமல் மறித்தபோது, அதே நாட்டோடு போரில் மோதிக்கொண்டிருந்த இன்னொரு பிரபு உப்பு அனுப்பிவைத்தானாம். அவன் பெருமையை அங்கே இன்னும் பேசுகிறார்கள் என்றார்.

எங்கள் ஊருக்கும் சாமான் போகவிடாமல் மறித்திருந்த காலம் அது. ஆனையிறவு உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்த அம்மா, "எங்களுக்கு ஆர் அனுப்பினது?" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் கம்பனி அவர்களைத் திருப்பி அழைத்தது. புறப்படும்போது ஜப்பான் முகவரி தருவதாகச் சொல்லியிருந்தார். அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. மாலையில் வீடு வந்தபோது அம்மா பெருமையோடு சொன்னார்.

"அவ வந்தவ, பிள்ளை. ரெண்டு கையாலையும் ஒரு துணிப் பையை நீட்டினா. பாத்தா உப்பு! நான் விடுவனே? கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு, கீழை வையுங்கோ எண்டு நிலத்தைக் காட்டினன்."

உப்பைக் கைக்குக் கை வாங்கினால் உறவு முறிந்துவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இரவல் வாங்கினால்கூடக் கீழே வைக்கச் சொல்லித்தான் எடுப்போம். அம்மா செய்தது முழுக்க அன்பினால். ஆனால் உப்பு முடியும் ஊரில் பிறந்தவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

"பிறகு?"

"குனிஞ்சு படியிலை வைச்சா. முகம் ஒரு மாதிரிப் போச்சு. பிரியிற துக்கம்தானே. அப்பிடியே இறங்கிப் போட்டா."

"அட்ரஸ் தந்தவவோ?"

"இல்லை. மறந்திட்டா போல."

எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. லீவு தராத சூப்பர்வைசர் மேல், என்ன ஏது என்று கேட்காமல் போன அந்த மனுஷி மேல். விளக்கிச் சொல்ல ஒரு ஆள் அங்கே நின்றிருந்தால் போதும். நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. அம்மாவிடம் மட்டும் நான் எதுவும் சொல்லவில்லை.

தொண்ணூற்றெட்டில் நகானோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அம்மா டிவியில் மூக்கு முட்ட உட்கார்ந்து, கொடி ஆட்டும் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கிறிஸ்மஸ் காட்கூட வரவில்லையே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"எங்கடை அட்ரஸைத் துலைச்சிருப்பா," என்றார் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்கடை உறவு விட்டுப் போகாது, பிள்ளை. நான் உப்பைக் கையிலை வாங்கேல்லையெல்லோ."